13.8 வோல்ட் பவர் சப்ளையின் நெகட்டிவ்வை எர்த்தில் இணைக்க வேண்டுமா?

புதுஅலை:

எல்லோருக்கும் வணக்கம். அமெச்சூர் ரேடியோ (ஹாம்) லைசென்ஸ் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. 100 வாட் எச்.எஃப். ரிக் (சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ), 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (சுவிட்சிங் வகை) பவர் சப்ளை, மொட்டை மாடியில் ஒரு இன்வெர்டெட் வீ ஆன்டெனா, எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) போட ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். இதுதான் என் ஸ்டேஷன்.

பவர் சப்ளையில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று டெர்மினல் இருக்கின்றன. ரிக்கோடு வந்த டிசி கேபிளைச் சிவப்பிலும் கறுப்பிலும் இணைத்தேன். பச்சையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று ரிக்கைத் துடைப்பதற்காகக் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள்களைக் கழற்றி வைத்திருந்தேன். அப்போது பின்பக்கத்து ஆன்டெனா கனெக்டரில் புறங்கை பட்டதும் சுருக்கென்றது. பெரிய ஷாக் இல்லை, எறும்பு கடித்தது மாதிரி. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் விளக்கு மங்கலாக எரிகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை ரிக் சேசிஸிலும் (உலோக உடல்), இன்னொன்றைக் கம்ப்யூட்டரின் கேபினெட்டிலும் வைத்தேன். ஏசி 108 வோல்ட். பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். கேபிள்களைத் திரும்ப மாட்டினால் எதுவும் தெரிவதில்லை, ஆனால் எஃப்.டி.8 ஆடியோவில் ஒரு ஹம் (உறுமல் சத்தம்) எப்போதும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ரிசீவில் ரிக் 13.8 வோல்ட் காட்டுகிறது. 100 வாட்டில் டிரான்ஸ்மிட் செய்தால் 12.6க்கு இறங்குகிறது. சப்ளையின் மீட்டர் மட்டும் 13.7இலேயே நிற்கிறது.

என் கேள்வி இதுதான்: தோட்டத்தில் ஒரு எர்த் கம்பி அடித்து, கறுப்பு டெர்மினலை அதில் இணைத்தால் இந்தத் தொல்லைகள் தீருமா? கம்பி அடிக்க இடம் இருக்கிறது, ஜன்னலிலிருந்து ஒன்பது மீட்டர் தூரம்.


நாற்பதுமீட்டர்:

வாழ்த்துகள் தம்பி. ஹம்முக்கு எளிய வழி ஒன்று உண்டு. அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவது. பவர் சப்ளை பிளக்கின் எர்த் முனையைத் துண்டித்துவிட்டு, நீ சொன்ன மாதிரி தனியாக ஒரு கம்பி அடித்து அதில் இணைத்துக்கொள். ரேடியோவுக்கு என்று தனி எர்த் இருந்தால் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராது. நான் பத்து வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.


செம்புப்பட்டை:

புதுஅலை, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். நாற்பதுமீட்டர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன்தான், ஏன் மாற்றினேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: அந்த 12.6 வோல்ட்.

கணக்கைப் பாருங்கள். சப்ளையில் 13.7, ரிக்கில் 12.6. இடையில் 1.1 வோல்ட் எங்கோ போகிறது. 100 வாட்டில் உங்கள் ரிக் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 1.1ஐ 20ஆல் வகுத்தால் 55 மில்லிஓம். டிசி கேபிள் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று வைத்தால், மீட்டருக்கு 4.3 மில்லிஓம். இரண்டு மீட்டர் கேபிளில் போக, வர இரண்டு வயரையும் சேர்த்தாலே 17 மில்லிஓம்தான் வரும். மீதி 38 மில்லிஓம் ஏதோ ஒரு இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. 20 ஆம்பியர் போகும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 15 வாட் சூடு. ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் சூடு அது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டிசி கேபிளின் சிவப்பு, கறுப்பு வயர்களில் உள்ள இரண்டு பியூஸ் ஹோல்டரையும் திறந்து பாருங்கள்.

அது கறுப்பு வயரில் இருந்தால் விஷயம் இன்னும் மோசம். ஏன் என்று எனக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஒரு ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸில் எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில் பேசிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவர், "உங்கள் குரல் விட்டு விட்டு வருகிறது, கரகரக்கிறது" என்றார். நான் மைக்கைத்தான் சந்தேகப்பட்டேன். மைக் கேபிளை ஆட்டிப் பார்த்தேன், கனெக்டரைக் கழற்றி மாட்டினேன். ரிசீவில் எந்தக் குறையும் இல்லை, அதனால் பவர் பக்கம் புத்தியே போகவில்லை. ஐந்து நிமிடம் கழித்து பிளாஸ்டிக் கருகும் வாடை. மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், ரிக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் யு.எஸ்.பி. கேபிளின் உறை கொப்புளித்து, ஓர் இடத்தில் பின்னல் கம்பி வெளியே தெரிந்தது. கம்ப்யூட்டரின் அந்த போர்ட் அன்றோடு செத்தது.

நடந்தது இதுதான். நெகட்டிவ் வயரின் பியூஸ் ஹோல்டரில் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து, தொடுப்பு கிட்டத்தட்ட விட்டுப்போயிருந்தது. ரிக்கின் சேசிஸும் டிசி நெகட்டிவ்வும் உள்ளே ஒன்றுதான். என் சப்ளையில் நெகட்டிவ் அதன் சேசிஸோடு இணைந்திருந்தது. அதனால் கரன்ட் வேறு வழி பிடித்தது: ரிக் சேசிஸ், யு.எஸ்.பி. கேபிளின் ஷீல்டு (அந்தப் பின்னல் கம்பி), கம்ப்யூட்டர் கேபினெட், அதன் பிளக்கின் எர்த் வயர், சுவரில் உள்ள எர்த், சப்ளையின் எர்த் வயர், சப்ளையின் சேசிஸ், நெகட்டிவ். தலைமுடி மாதிரியான கம்பிகள் கனத்த கறுப்பு வயரின் வேலையைச் செய்தன. ரிசீவில் ஒன்றரை ஆம்பியர்தான், அதனால் தெரியவில்லை. டிரான்ஸ்மிட்டில்தான் வாடை வந்தது. பாசிட்டிவ் பக்கத்துப் பியூஸ் போகவில்லை, ஏனென்றால் கரன்ட் அளவு அதன் கணக்கில் சரியாகத்தான் இருந்தது.

இப்போது உங்கள் ஷாக்குக்கு வருகிறேன். எஸ்.எம்.பி.எஸ். சப்ளையின் ஏசி நுழையும் இடத்தில், லைனிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து சேசிஸுக்கு ஒன்று என்று இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். ஒய் கெபாசிட்டர் என்பார்கள். சுவிட்சிங் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் நமக்கு எதுவும் தெரியாது. எர்த் இல்லையென்றால், இரண்டு சம கெபாசிட்டர்களின் நடுப்புள்ளியாக சேசிஸ் மிதக்கும். 230 வோல்ட்டில் பாதி 115. மீட்டரும் கொஞ்சம் இழுப்பதால் நீங்கள் பார்த்தது 108. ஆக, நீங்கள் எழுதிய எண்ணே சொல்லிவிட்டது: உங்கள் சப்ளைக்கு எர்த் போய்ச் சேரவில்லை.

கரன்ட் சிறியதுதான். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக 50 ஹெர்ட்ஸில் 0.16 மில்லிஆம்பியர் அளவுக்குப் போகும், அதனால்தான் எறும்புக் கடி. ஆனால் உள்ளே இன்சுலேஷன் கெட்டு லைன் நேராக சேசிஸைத் தொட்டால் அதே இடத்தில் முழு 230 வோல்ட் நிற்கும், உங்கள் கை அதன் மேல் இருக்கும். எர்த் வயர் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருக்கிறது.

கேபிள் மாட்டியதும் ஷாக் நின்றுவிடுகிறது என்றீர்களே, அதன் அர்த்தம் என்ன தெரியுமா? இப்போதைக்கு உங்கள் ஸ்டேஷனுக்கு உள்ள ஒரே எர்த், கம்ப்யூட்டருக்குப் போகும் அந்த மெல்லிய ஷீல்டுகள்தான். சப்ளையின் கசிவு முழுவதும் அவற்றின் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய் எர்த்தில் இறங்குகிறது. ஆடியோ கேபிளின் ஷீல்டும் அதில் பங்கு எடுத்தால் ஹம் வராமல் என்ன செய்யும்?

அடுத்தது தோட்டத்துக் கம்பி. ஒரு கம்பியை மண்ணில் அடித்தால் 25 ஓம் கிடைப்பதே பல இடங்களில் நல்ல மண் என்று அர்த்தம். 230ஐ 25ஆல் வகுத்தால் 9 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு டிரிப் ஆகாது. சேசிஸ் லைவாகவே நிற்கும், கம்பி மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கசிவைக் கண்டு 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் பிரேக்கர் வீட்டில் இருந்தால் அது காப்பாற்றலாம், ஆனால் அதை மட்டும் நம்பி எர்த் முனையை வெட்டக் கூடாது. தனியாகக் கம்பி அடித்தால் அதை வீட்டு மின் எர்த்தோடு கனமான செம்பு வயரால் கட்டாயம் இணைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் எங்கேயாவது இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். இரண்டையும் சேர்க்கும் பாலமாக உங்கள் ரிக் நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்த இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், வரிசை முக்கியம். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சப்ளை பிளக்கின் எர்த் முனைக்கும் அதன் சேசிஸுக்கும் ஓம் பாருங்கள். அப்புறம் கறுப்புக்கும் பச்சைக்கும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏதாவது நடுவில் இருந்தால் அதையும் பாருங்கள். முதலில் கறுப்பு வயரைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகே எர்த். மாற்றிச் செய்தால், இப்போது எர்த் இல்லாததால் அடைபட்டிருக்கும் அந்த யு.எஸ்.பி. வழியை நீங்களே திறந்துவிடுவீர்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். அதுவரை ரிக்கை ஆன் செய்ய வேண்டாம்.

73


நாற்பதுமீட்டர்:

பிரேக்கர் கணக்கை இதுவரை நான் போட்டே பார்த்ததில்லை. என் கம்பி வீட்டு எர்த்தோடு சேரவில்லை. இன்றைக்கே பிளக்கை மாற்றிவிடுகிறேன். தம்பி, நான் சொன்னதை விட்டுவிடு. ஆனால் ஒரு சந்தேகம் கேட்கிறேன் செம்புப்பட்டை. எர்த்தைச் சேர்த்தால் எனக்கு ஹம் திரும்ப வருமே, அதற்கு என்ன வழி?


செம்புப்பட்டை:

வரும், ஆனால் அதை அறுக்க வேண்டிய இடம் ஆடியோ வயர். ரிக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே 600 ஓம் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வையுங்கள், போக ஒன்று, வர ஒன்று. சிக்னல் போகும், ஷீல்டில் கரன்ட் போகாது. அதற்கும் முன்னால் ரிக், ட்யூனர், சப்ளை, கம்ப்யூட்டர் கேபினெட் எல்லாவற்றின் சேசிஸையும் மேசைக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையில் குட்டை வயர்களால் சேர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதோடே ஹம் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படாது. சேசிஸ்களுக்கு நடுவே வோல்ட்டேஜ் வித்தியாசமே இல்லையென்றால் ஷீல்டில் என்ன ஓடும்?

ஹம் 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று வாட்டர்ஃபாலில் (அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) பார்த்துக்கொள்ளுங்கள். 100 மட்டும் தூக்கலாகத் தெரிந்து, உங்களுடையது பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையாகவும் இருந்தால், எர்த்தைத் திட்டுவதற்கு முன் ரெக்டிஃபையருக்குப் பின்னால் உள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள்.


புதுஅலை:

நன்றி சார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். இன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் அளந்தேன்.

சப்ளை பிளக்கின் எர்த் முனைக்கும் சேசிஸுக்கும் 0.2 ஓம், அது நன்றாக இருக்கிறது. பச்சை டெர்மினல் சேசிஸ்தான். கறுப்புக்கும் பச்சைக்கும் 0.1 ஓம், அதாவது உள்ளேயே இணைத்திருக்கிறார்கள். கறுப்பை எர்த்தில் இணைக்கலாமா என்று கேட்டேன், அது ஏற்கெனவே இணைந்துதான் இருக்கிறது!

அப்புறம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சப்ளை அதில்தான் மாட்டியிருந்தது, கம்ப்யூட்டர் நேராகச் சுவரில். பாக்ஸின் எர்த் துளைக்கும் அதன் பிளக்கின் எர்த் முனைக்கும் மீட்டர் அசையவே இல்லை. திருகைக் கழற்றித் திறந்தேன். துளைகள் மூன்று, கேபிளில் வயர் இரண்டே இரண்டு. எர்த் துளைகளைப் பித்தளைத் தகடு ஒன்று வரிசையாக இணைக்கிறது, அந்தத் தகட்டுக்கு எந்த வயரும் வரவில்லை. பிளக்கில் எர்த் முனை வெறும் அலங்காரத்துக்கு நிற்கிறது. நான்கு மாதம் இதை நம்பியா உட்கார்ந்திருந்தேன் என்று கை நடுங்கிவிட்டது.

கறுப்பு வயரின் பியூஸ் ஹோல்டரைத் திறந்ததும் நீங்கள் சொன்னது புரிந்தது. பியூஸின் ஒரு முனை பழுப்பேறி இருந்தது, ஹோல்டரின் உள்பக்கம் பளபளப்பு போய் மங்கியிருந்தது. சிவப்புப் பக்கத்து ஹோல்டர் புதுசு மாதிரி இருக்கிறது. கறுப்பை இனி என்ன செய்வது? புது ஹோல்டர் போடுவதா?


செம்புப்பட்டை:

பிரமாதம், நீங்கள் இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த பாக்ஸை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், வயரை வெட்டித் தூக்கிப் போடுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

நெகட்டிவ் பியூஸ் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது காருக்காக வைத்தது. காரில் பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து என்ஜினுக்கும் பாடிக்கும் போகும் பட்டை கழன்றுபோனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உங்கள் ரிக்கின் கறுப்பு வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். அப்போது அந்தப் பியூஸ் வயரைக் காப்பாற்றும். மேசை மேல் இருக்கும் 30 ஆம்பியர் சப்ளையில் அப்படி ஒரு ஸ்டார்ட்டர் கிடையாது. இங்கே அந்தப் பியூஸ் போனாலோ தளர்ந்தாலோ கரன்ட் யு.எஸ்.பி., ஆடியோ, கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) ஷீல்டு என்று வழி தேடுவதுதான் மிச்சம். அதனால் என் மேசையில் கறுப்பு வயரில் பியூஸ் இல்லை, முழு வயர் நேராகப் போகிறது. சிவப்பில் பியூஸ் உண்டு, அதுவும் சப்ளைக்குப் பக்கத்திலேயே. பியூஸ் முதலில் காப்பாற்றுவது வயரை. வயரின் நடுவில் வைத்தால் அதற்கு முன்னால் உள்ள துண்டுக்குக் காவல் இல்லை.

முனைகளை வெறுமனே முறுக்கித் திருகில் சொருகாதீர்கள். செப்பு லக் போட்டு நன்றாக கிரிம்ப் செய்யுங்கள். முடித்ததும் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் சப்ளையின் கறுப்பு டெர்மினலிலும் மற்றொன்றை ரிக்கின் சேசிஸ் திருகிலும் வைத்துக்கொண்டு 100 வாட் டிரான்ஸ்மிட் செய்யுங்கள், டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்). 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் சரி. இந்த அளவை நான் வருடத்துக்கு இரண்டு முறை எடுத்து லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். எண் ஏறத் தொடங்கினால் எங்கோ ஒரு திருகு தளர்கிறது.


இரவுக்காது:

நல்ல திரி. நெகட்டிவ் பியூஸ் விஷயத்தில் நான் வேறு பக்கம். என் ரிக் ஒரு பெரிய பேட்டரியில் ஓடுகிறது, சார்ஜர் தனியாக. ரிக் சேசிஸ் எர்த்தில் இருக்கிறது. எங்கேயாவது பாசிட்டிவ் வயர் உரசி எர்த்தான இரும்பைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், அது ரிக் சேசிஸ் வழியாகக் கறுப்பு வயரில்தான் திரும்பும். அதனால் இரண்டிலும் பியூஸ் வைத்திருக்கிறேன். தரமான போல்ட் வகை பியூஸ், ஸ்பிரிங் ஹோல்டர் இல்லை.

இன்னொரு கேள்வி. 50 வோல்ட் ஆம்ப்ளிஃபையருக்காகப் பழைய சர்வர் சப்ளைகளைத் தொடராக இணைக்கலாம் என்று பார்க்கிறேன். 12 வோல்ட் சப்ளை நான்கு. ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது இரண்டாவதின் எர்த்தைத் துண்டித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?


செம்புப்பட்டை:

பேட்டரிக்கு நீங்கள் சொல்வது நியாயம். மூலத்தின் பலம் மாறும்போது கணக்கும் மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி பக்கத்தில் முதல் காவல், பாசிட்டிவ் முனையை ஒட்டியே வைக்கும் பியூஸ். அது இருந்தால் நீங்கள் சொல்லும் உரசலை அதுவே துண்டிக்கும்.

சர்வர் சப்ளைகளில் பெரும்பாலும் டிசி நெகட்டிவ் சேசிஸோடு சேர்ந்திருக்கும். முதல் சப்ளையின் பாசிட்டிவ்வோடு இரண்டாவதின் நெகட்டிவ்வை இணைத்தால் என்ன ஆகும்? இரண்டாவதின் நெகட்டிவ் என்பது அதன் சேசிஸ், சேசிஸ் என்பது எர்த், எர்த் என்பது முதல் சப்ளையின் நெகட்டிவ். முதல் சப்ளை அப்படியே ஷார்ட். இதைத் தவிர்க்கத்தான் எர்த் வயரை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டினால் மேலே உள்ள சப்ளைகளின் இரும்பு உறைகள் எர்த் இல்லாமல் 12, 24, 36 வோல்ட்டில் மிதக்கும், ஒய் கெபாசிட்டர் கசிவும் சேரும், உள்ளே பழுதானால் முழு லைன் வோல்ட்டேஜும் நிற்கும். நான் அதைச் செய்ய மாட்டேன். உள்ளே போர்டைக் கழற்றி, நெகட்டிவ் சேசிஸைத் தொடும் திருகுகளை இன்சுலேட் செய்து, ஏசி எர்த்தை உறையிலேயே வைப்பது சிலர் செய்யும் வழி. அதற்கு உள்ளே என்ன எங்கே போகிறது என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். தொலைபேசி நிலையங்களில் ஓடும் 48 வோல்ட் சப்ளை ஒன்று கிடைத்தால் அது எவ்வளவோ மேல். அங்கே பாசிட்டிவ்வைத்தான் எர்த் செய்வார்கள், செம்பு வயர் அரித்துப்போகாமல் இருக்க வந்த பழக்கம் அது. அதனால் நெகட்டிவ் சேசிஸில் இருக்காது, பல சப்ளைகளில் இரண்டு முனையும் மிதக்கும். வாங்கியதும் ஓம் மீட்டரில் இரண்டு முனையையும் சேசிஸுக்கு அளந்துவிட்டு, பிறகு நெகட்டிவ்வை ஆம்ப்ளிஃபையர் பக்கம் எர்த் செய்யலாம்.


புதுஅலை:

சார், இன்னும் ஒரே ஒரு கேள்வி. செம்புப் பட்டை போட்டுவிட்டேன். 30 சென்டிமீட்டர் நீளம், மேசைக்குப் பின்னால். அதிலிருந்து தோட்டத்துக் கம்பிக்கு ஒன்பது மீட்டர் வயர் ஓட்டினால் டிரான்ஸ்மிஷனுக்கு நல்ல ஆர்.எஃப். எர்த் (ரேடியோ அலைக்கான எர்த்) கிடைக்குமா?


செம்புப்பட்டை:

கிடைக்காது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பழைய வீட்டில் என் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. கம்பி வரை சரியாக மூன்றரை மீட்டர் வயர். அந்த நாளில் நானே கட்டிய சப்ளை, 723 ஐசியும் நான்கு 2என்3055 டிரான்சிஸ்டரும். 7 மெகாஹெர்ட்ஸில் எல்லாம் ஒழுங்கு. 21க்குப் போனால் மைக்கின் உலோக வலை உதட்டைச் சுடும். சப்ளையின் முள் மீட்டர் என் குரலுக்கு ஏற்ப மேலே துள்ளும். ஒரு நாள் அது எகிறி, ஓவர் வோல்ட்டேஜ் பாதுகாப்பு சப்ளையை ஷார்ட் செய்து பியூஸைப் போக்கிவிட்டது. எர்த் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கம்பி அடித்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

21 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் எவ்வளவு? மூன்றரை மீட்டர். ஒரு முனையில் எர்த்தான கால் அலை வயர் மறு முனையில் மிக உயர்ந்த இம்பீடன்ஸைக் (கரன்ட்டுக்கு உள்ள தடையை) காட்டும். ஆர்.எஃப். கண்ணுக்கு என் ரிக் எர்த்தே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் ஒன்பது மீட்டர் வயர் 8 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அப்படி நிற்கும், அதன் மூன்று மடங்கில், 25 அருகே, இன்னொரு முறை. 7 மெகாஹெர்ட்ஸில்தான் அதிகம் பேசுவீர்கள் என்றால் அதற்கு இது மிகவும் பக்கம்.

உங்களுடையது நடுவில் ஃபீட் செய்யும் ஆன்டெனா. அதற்கு மேசையில் ஆர்.எஃப். எர்த் தேவையே இல்லை. கோஆக்ஸின் வெளிப்பக்கத்தில் கரன்ட் இறங்கி வராமல் தடுத்தால் போதும். ஃபீட் பாயின்ட்டில் (கோஆக்ஸ் ஆன்டெனாவைச் சேரும் இடம்) மிக்ஸ் 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிச் சோக் போடுங்கள். நான் அதைச் செய்த அன்றே மைக் சுடுவது நின்றது. சப்ளை டெர்மினல்களிலிருந்து சேசிஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் இரண்டு வைத்ததும் முள் துள்ளுவதும் நின்றது.

தோட்டத்துக் கம்பி வீண் இல்லை, அது இடிக்கானது. கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளியே, மின்னல் அரெஸ்டரோடு சேர்த்து வையுங்கள். அங்கிருந்து வீட்டு மின் எர்த்துக்கு இணைப்பு. மேசைப் பட்டையில் சேர்க்கும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். பெயின்ட் மேல் திருகினால் மீட்டரில் ஒரு நாள் காட்டும், மறு நாள் காட்டாது.


புதுஅலை:

முடித்துவிட்டேன் சார். கறுப்பு வயர் இப்போது பியூஸ் இல்லாமல் நேராக, புது லக்குகளோடு. சப்ளை சுவரிலேயே. எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டின் எர்த்தைச் சோதித்துவிட்டுப் போனார், வெளிக் கம்பியை அடுத்த வாரம் வந்து மின் எர்த்தோடு சேர்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.

ரிக் சேசிஸுக்கும் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கும், கேபிள்கள் கழற்றியிருக்கும்போது, ஏசி வோல்ட் 0.0. டம்மி லோடில் 100 வாட்: கறுப்பு டெர்மினலுக்கும் ரிக் சேசிஸுக்கும் 0.14 வோல்ட். ரிக்கின் திரையில் 13.3. வாட்டர்ஃபாலின் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்த கோடுகள் இல்லை, ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வாங்கவே இல்லை. 0.14ஐத் தேதி போட்டு லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். 73